ஒட்டு வண்டி

ஐஸ்காரி என்று என்னை ஊரில் கூப்பிடுகிறார்கள். வேனை நிறுத்தியதும் தெருப் பிள்ளைகள் ஓடி வந்து, "கோன் இருக்கா, கப் இருக்கா" என்று கேட்கும். இது நக்கினால் நாக்கைப் பிய்த்துக்கொண்டு வரும் ஐஸ் என்று மிரட்டினால் இன்னும் ஆவலாக எட்டிப் பார்க்கும். நான் ஐஸ் விற்கவில்லை, அடிக்கிறேன். ட்ரை ஐஸ். அரிசி அளவில் வெள்ளை வெள்ளையாக இருக்கும். மெஷினில் கொட்டி, கம்ப்ரஸர் காற்றோடு ஹோஸ் வழியாக அடித்தால், அந்தக் குளிரில் அழுக்கு விறைத்துப்போய்ப் பிடியை விட்டுவிடும். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம். ஐஸ் பட்ட இடத்திலேயே புகையாகிப் போய்விடும், அழுக்கு மட்டும் கீழே கிடக்கும். பேக்கரி அடுப்பு, அச்சு மெஷின், தீப்பிடித்த வீட்டின் கரிச்சுவர் என்று எல்லாம் செய்திருக்கிறேன். இந்த ஊரில் இந்த மெஷின் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. திமிராகப் பேசுகிறாள் என்று தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். ஒரே ஓர் ஆள்மேல் வந்தது மட்டும் போகவே இல்லை. அவன் பழைய கார் வாங்கி விற்கிறவன். சர்க்கரை என்றுதான் எல்லோரும் அவனைச் சொல்வார்கள். வியாதியால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்த பெயர். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் தங்கச்சி, எந்த ஆணைப் பார்த்தாலும் மச்சான். அவனிடம் என் தங்கையின் புருஷன் ஒரு கார் வாங்கினார். வாங்கிய அதே வருஷம் அந்தக் காரிலேயே போய்ச் சேர்ந்தார்.

மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர். வெடுக்கென்று ஒரு வார்த்தை பேசத் தெரியாது. மாலை வேலை முடிந்து வரும்போது குறுக்கே ஓடிய நாய்க்காக வண்டியைத் திருப்பி, சாலை நடுவில் இருந்த கட்டைச் சுவரில் இடித்திருக்கிறார். வேறு வண்டியாக இருந்தால் முன்பக்கம் நசுங்கியிருக்கும், இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருப்பார். இந்த வண்டி நடுவில் இரண்டாகப் போய்விட்டது. கட்டி இழுக்க வந்த லாரிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வண்டி உடையலக்கா, பிரிஞ்சுச்சு. தையல் விட்ட சட்ட மாதிரி" என்றார். அதையே வந்து சொல்லுங்கள் என்றால், எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு என்று நழுவிவிட்டார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முன்னால் அடிபட்ட ஒரு கார், பின்னால் அடிபட்ட ஒரு கார். இரண்டிலும் நல்ல பாதியை வெட்டி எடுத்து ஒன்றாக ஒட்டி, அடியில் துரு பிடிக்காமல் பூசுகிற கறுப்புத் தாரைக் கெட்டியாக அப்பிவிட்டால் முழுசாக ஒரு கார். ஒட்டு வண்டி என்று இதற்குப் பெயர். ஆனால் கையில் ஆதாரம் வேண்டுமே? சர்க்கரை முந்திக்கொண்டான். துக்க வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வண்டியப் பாக்கப் பாக்க தங்கச்சிக்குக் கஷ்டம், நானே அப்புறப்படுத்திடறேன்" என்றான். அப்புறப்படுத்தி நசுக்கி, இரும்புக் கட்டியாக்கி விற்றே விட்டான்.

அதோடு விட்டானா? மாப்பிள்ளை குடித்துவிட்டு ஓட்டினார், வண்டிக்குள் பாட்டில் உருண்டது, நானே கண்ணால் பார்த்தேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். காப்பியைத் தவிர எதையும் வாயில் வைக்காத மனுஷனை! ஆஸ்பத்திரியில் அதை யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். என் தங்கை குடியிருக்கும் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் அந்தப் பேச்சு ஏறியது. நான் போகும்போதெல்லாம் யாருடனாவது மல்லுக்கு நின்றுவிட்டுத்தான் வருவேன். தங்கை வாயே திறக்க மாட்டாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். சர்க்கரையின் வாயாலேயே, இல்லாவிட்டால் அவன் வண்டியின் வயிற்றைக் கிழித்தாவது, அந்தப் பழியைத் துடைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சர்க்கரையே எனக்குப் போன் செய்தான். ஒரு கார் விற்கப் போகிறதாம். வாங்க வருகிறவர் மகளுக்காக வாங்குகிறாராம். ஐஸ் அடித்து இன்ஜினைப் பளபளப்பாக்குவதை அந்தப் பெண் போனில் எங்கோ வீடியோவாகப் பார்த்திருக்கிறாள், அதே மாதிரி வேண்டும் என்கிறாளாம். துக்க வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்த என் முகம் அவனுக்கு நினைவில்லை. "நீ ஒரு தடவ வந்து அடிச்சுக் குடு தங்கச்சி, ஆயுசுக்கும் நம்ம வேலையெல்லாம் உனக்குத்தான்" என்றான்.

மறுநாள் காலையில் ஐஸ் தொழிற்சாலை வாசலில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். என் அண்ணனும் கூட இருந்தான். அண்ணன் வெல்டர். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வேலை. பெட்டி கனம் என்பதால் காலையில் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அதிகம் பேச மாட்டான். மாப்பிள்ளை போனபிறகு அதுவும் குறைந்துவிட்டது.

"இன்னிக்கு யார் வேல?" என்றான்.

"சர்க்கரையோடது."

தூக்கிய பெட்டியைத் திரும்பக் கீழே வைத்துவிட்டான். "வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"சாக்கடைல கல்லெறிஞ்சா நம்ம மேலதான் தெறிக்கும். விட்டுத் தொல."

"தெறிச்சா தொடச்சுக்கறேன். தொடைக்கறதுதானே என் தொழிலே."

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். ஐஸ் நமக்காகக் காத்திருக்காது, பேசப் பேசப் பெட்டிக்குள் கரைந்துகொண்டே இருக்கும். நானே பெட்டியை இழுத்து ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று அவனைத் திட்டிக்கொண்டேதான் வேனை ஓட்டினேன்.

சர்க்கரையின் இடம் நீள வாக்கில் இருந்தது. முன்னால் வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் மூக்கிலும் விலை அட்டை. பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட், எண்ணெய்க் கறை படிந்த தரை, மூலையில் தார் டின்கள் அடுக்கு. அந்த டின்களைப் பார்த்ததும் எனக்கு உள்ளே எரிந்தது. சிரித்து வைத்தேன். கொட்டகையின் இரண்டு கதவுகளையும் விரியத் திறக்கச் சொன்னேன். ஐஸ் புகை கீழே தங்கினால் மூச்சு முட்டும்.

விற்கப் போகிற கார் சிவப்பாக, புதுப்பெண் மாதிரி நின்றது. மூடியைத் திறந்து, காற்றின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இன்ஜினில் அடித்தேன். வேண்டுமென்றேதான் குறைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் உதிர்ந்தது. இன்ஜின்மேல் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, ஓரம்கூடப் பெயரவில்லை. சர்க்கரை குனிந்து விரலால் தடவிப் பார்த்தான்.

"அட! ஸ்டிக்கர்கூட கழலல தங்கச்சி!"

"அதான் சார் ஐஸோட மகிமை. அழுக்கு மட்டும்தான் போகும்."

"பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நல்லா ஒட்டியிருக்கிற எதுக்கும் ஒண்ணும் ஆகாது." இந்த வார்த்தையில் பொய்யே இல்லை. மூச்சு விட்டுக்கொண்டு அடுத்ததைப் போட்டேன். "பெட்டில ஐஸ் மிச்சம் இருக்கு சார். சாயங்காலத்துக்குள்ள எப்படியும் காத்தாப் போயிடும். வேணும்னா அடியிலயும் சும்மா அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். காசு வேணாம்."

அவன் கண் மின்னியது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜாதி அது. ஆனாலும் கள்ளன் இல்லையா, ஒரு நொடி யோசித்தான். "அடியில தார் பூசியிருக்கேம்மா. அது போயிடாதே?"

"ஸ்டிக்கரே போகல. தார் எங்க சார் போகும்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். தாரைப் பூசியே பிழைக்கிறவனுக்குத் தாரைப் பற்றித் தெரியாமல் போய்விட்டது. வெயிலில் அது பிசின் மாதிரி இழுக்கும், எதைப் போட்டுச் சுரண்டினாலும் அசையாது. அந்த நம்பிக்கைதான் அவனுக்கு. ஆனால் குளிரில் தார் அப்பளமாக உடையும். காற்றைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அவனுக்கு ஐஸ் என்றால் தூசி துடைக்கிற சமாசாரம், அவ்வளவுதான். "சரி, தாராளமா அடி. நான் போய் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கிட்டு வந்துடறேன். மேலயும் பளபள, கீழயும் பளபளன்னு காட்டுவோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

காரை லிஃப்டில் ஏற்றித் தலைக்குமேல் தூக்கினேன். காது மூடி, முகக் கவசம், தடித்த கையுறை எல்லாம் போட்டுக்கொண்டேன். காற்றைக் கூட்டினேன். முன் இருக்கைகளுக்கு நேர்கீழே, கறுப்பு கொஞ்சம் அதிகமாகப் புடைத்திருந்த இடத்தில் வைத்து ஒரே அடி. தார் பெரிய பெரிய பொருக்குகளாகப் பெயர்ந்து என் தோள்மேல் விழுந்தது. அடித்துக்கொண்டே போனேன். புகை விலகியதும், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, காரின் வயிற்றில் குறுக்கே ஒரு தழும்பு.

 தனியாக நின்று, "மாட்டினியாடா! மாட்டினியாடா!" என்று கத்தினேன். இந்தப் பக்கத் தகடு வேறு நிறம், அந்தப் பக்கத் தகடு வேறு நிறம். அப்பன் ஒரு கார், ஆத்தாள் ஒரு கார். வாங்க வருகிறவர் முன்னால் இதைக் காட்டி, போலீஸைக் கூப்பிட்டு, சர்க்கரையைத் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். என்ன கேட்பது என்று வருஷக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போனின் விளக்கைப் போட்டுத் தழும்பின் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அப்போதுதான் ஒட்டைப் பார்த்தேன்.

வெல்டு வைத்த இடத்தில் இரும்பு சின்னச் சின்ன அலையாக உறைந்து நிற்கும். சாதாரணமாக அந்த அலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் மறுபக்கம் சாய்ந்திருந்தன. இடது கைக்காரன் வைத்தது. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில், குழி விழாமல் இருக்க, கொஞ்சம் பின்னால் திரும்பி வந்து ஒரு சொட்டு வைத்திருந்தது. கையெழுத்தை மாத்தி எழுதலாம், ஒட்டை மாத்தி வைக்க முடியாது என்று என் அண்ணன் பெருமையாகச் சொல்வான். என் மெஷின் நிற்கிற தள்ளுவண்டியை அவன்தான் செய்து கொடுத்தான். குனிந்து அதைப் பார்த்தேன். நிமிர்ந்து காரைப் பார்த்தேன். மறுபடி குனிந்து பார்த்தேன். அதே சாய்வு, அதே சொட்டு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கையிலிருந்த ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். "உடனே சர்க்கரை கொட்டகைக்கு வா" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

பட்டறை பக்கத்துத் தெருதான். வேலைச் சட்டையோடு வந்தான். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"யார் போட்ட ஒட்டு இது?"

கல்லுளிமங்கன் மாதிரி நின்றான்.

"உன்னத்தான் கேக்கறேன். வாய்ல ஈயத்தக் காய்ச்சி ஊத்தியிருக்கா?"

"நான்தான். ராத்திரில வந்து ஒட்டிக் குடுப்பேன்."

"மாப்பிள்ள வண்டி?"

"அதுவும்."

 "அந்த வண்டி தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து நின்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"மாப்பிள்ள சாவி காட்டக் கூப்பிட்டாரே, அன்னிக்கே குனிஞ்சு பாத்தேன். தார் பூசாத ஓரத்துல தெரிஞ்சுது. என் ஒட்டுன்னு தெரிஞ்சதாலதான் சும்மா இருந்தேன்."

"என்னது? தெரிஞ்சதாலயா?"

"என் ஒட்டு விடாதும்மா." அண்ணன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "இத்தன வருஷத்துல ஒண்ணு விட்டதில்ல. அன்னிக்கும் விடல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி வண்டியப் போய்ப் பாத்தேன். ஒட்டு அப்படியே இருந்துச்சு. பக்கத்துல இருந்த தகடுதான் ஒட்டு வெச்ச சூட்டுல நைஞ்சு கிழிஞ்சிருந்துச்சு."

"அடப்பாவி! ஆளே போயாச்சு, அப்புறமும் ஒட்டியிருக்க, இன்னும் உன் ஒட்டுக்கு வக்காலத்தா?"

அவன் பார்வை மறுபடி தரைக்குப் போனது.

"நம்ம வீட்டுக்கு வரும்னு தெரியாது, யார் வீட்டுக்கோ போகப்போவுதுன்னுதானே ஒட்டின? அந்த யாரோ வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்க மாட்டாங்களா? சரி, அத விடு. குடிகாரன், குடிகாரன்னு ஊரே பேசிச்சே. நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"சொன்னா தங்கச்சி மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?"

"சொல்லாம முழிச்சியே, அது எப்படி முடிஞ்சுது?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூலையில் இருந்த தார் டின்களைக் காட்டினான். "இப்பவே பூசிடறேன், சீக்கிரம் காஞ்சிடும். இந்த வண்டிய யாரும் வாங்காமப் பாத்துக்கறது என் பொறுப்பு. வர்றவங்ககிட்ட நான் வாசல்ல நின்னு சொல்லிடறேன். சர்க்கரைய வேற எதுலயாவது மாட்டி விடலாம். இதுல வேணாம்."

பொய் சொல்ல மாட்டேன், அந்த டின்னை நானும் பார்த்தேன். தானாடாவிட்டாலும் தசை ஆடும் அல்லவா? என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனபோது, கேள்வி கேட்காமல் என் கூடவே நின்றவன் இவன். மெஷின் வாங்கலாம் என்று தைரியம் சொன்னவனும் இவன்தான். அவன் டின் மூடியைத் திருகித் திறந்து தூரிகையைத் தேடும்வரை நான் தடுக்கவில்லை. அப்புறம் மாப்பிள்ளை நினைவு வந்தது. இப்படித்தான் அன்றைக்கும் ஒருவன் மூடியைத் திறந்து, தூரிகையை எடுத்து, நிதானமாகப் பூசியிருப்பான். போய் டின்னைக் காலால் எட்டி உதைத்தேன்.

தார் தரையில் பரவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. சர்க்கரை அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தான். அப்பா சாந்தமான மனிதர். மகளுக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது போலிருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "ஐயோ, எவ்வளவு அழகா இருக்குப்பா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சர்க்கரை மேலே பார்த்துவிட்டான்.

"என்ன தங்கச்சி பண்ணி வெச்சிருக்க!"

"நீங்கதானே சார் தாராளமா அடின்னீங்க."

ஒரு கணம் முகம் செத்துப்போய், உடனே உயிர் வந்துவிட்டது. அவனை அதற்காக மெச்ச வேண்டும். "ஒண்ணும் இல்ல சார், கம்பெனி ஜாயின்ட்டு. எல்லா வண்டிலயும் இருக்கும். தார் மூடியிருக்கறதால நம்ம கண்ணுக்குத் தெரியாது" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான்.

"அப்படியாங்க?" என்றார் அப்பா. பாவம், அவருக்கு எது பிறவி ஒட்டு, எது திருட்டு ஒட்டு என்று எப்படித் தெரியும்?

"இல்ல சார். இது ரெண்டு வண்டி" என்றேன்.

"ஐஸ் அடிக்கறவளுக்கு வெல்டிங் பத்தி என்ன சார் தெரியும்? பேக்கரி அடுப்பு கழுவறவ."

"எனக்குத் தெரியாதுதான். வெல்டர் இருக்காரே, அவரக் கேளுங்க." முகக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நகர்ந்து நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற அண்ணனை அப்போதுதான் சர்க்கரை பார்த்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என்னயும் நல்லாப் பாத்துக்க" என்றேன். "உன்கிட்ட வண்டி வாங்கி ஒருத்தர் செத்தாரே, குடிகாரன்னு பேர் வெச்சியே, அவர் பொண்டாட்டிக்கு நான் அக்கா. இவன் எங்களுக்கு அண்ணன். நீ துக்கத்துக்கு வந்தப்ப இவன் ஏன் வெளிய போயிட்டான்னு இப்பத்தான் எனக்கும் புரியுது."

சர்க்கரை என் பக்கத்தில் வந்தான். குரலைத் தணித்தான். பயந்துபோவான் என்று நினைத்தேன், அவனோ கணக்குப் போட்டுவிட்டான். "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு தங்கச்சி. இவன் கை வெச்சுத்தான் எல்லாம் நடந்துச்சு. நான் உள்ள போனா இவனும் கூடவே வருவான். கூடப்பொறந்தவன நீயே புடிச்சுக் குடுப்பியா? குடும்பம்னா நாலும் இருக்கும். மூடித்தான் வெக்கணும்."

"நீ மூடி வெச்சதைத் தொறக்கத்தான் நான் ஐஸே வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தேன். நான் கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. அவன் இல்லை என்று தலையாட்டியிருந்தால், சத்தியமாக, செத்தாலும் அவன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.

அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். "நான் ஒட்டினதும்மா. இதே கொட்டகைலதான். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. ஏறாத."

அப்பா மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாந்தமான மனிதர் என்று சொன்னேன் இல்லையா? போலீஸுக்குப் போன் போடும்போது அவர் போட்ட சத்தம் முன்னால் நின்ற கார்களைக் கடந்து தெருவரை கேட்டது. சர்க்கரை ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பி மச்சான் என்றான், தங்கச்சி என்றான், சார் என்றான். போலீஸ் வந்தது. மற்ற கார்களின் வயிற்றையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த ஐஸை ஆசை தீர அடித்தேன். நீல வண்டி ஒன்றிலும் தழும்பு கிடைத்தது, அதுவும் அண்ணன் கைதான். சர்க்கரையை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் ஜன்னல் பக்கம் போய், "மாப்பிள்ள குடிச்சிருந்தாரா?" என்று கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சொல்லுடா, குடிச்சிருந்தாரா? பாட்டில எங்க பாத்த?" என்று கதவைத் தட்டித் தட்டிக் கேட்டேன். "இல்ல, பாக்கல, போதுமா?" என்று கத்தினான். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

வயிறு குளிர்ந்தது என்று சொல்ல ஆசைதான். பாதி வயிறுதான் குளிர்ந்தது. அண்ணனிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேனில் ஏறி உட்கார்ந்தவன், "தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடும்மா" என்றான்.

"என் வாயை வாடகைக்கு விடறதில்ல. நீ செஞ்சத நீயே சொல்லு."

தங்கை இருப்பது இரண்டாம் மாடி. வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். நாங்கள் போனபோது தையல் மெஷினில் சட்டைக் காலர் ஒன்று பாதியில் நின்றது. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். அண்ணன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். ஒட்டியதைச் சொன்னான், தெரிந்தே சும்மா இருந்ததைச் சொன்னான், சர்க்கரை பாட்டில் கதை கட்டியதையும் தான் கேட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னான். இன்றைக்கு ஒட்டைப் பற்றிப் பெருமை பேசவில்லை.

அவள் கத்துவாள், அவன்மேல் பாய்வாள், நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவர் குடிக்கலையாக்கா?"

 இந்தக் கட்டடம் முழுக்க நான் சண்டை போட்டேனே, அது யாருக்காக? "நீயுமாடி நம்பின?" என்றேன்.

"எல்லாரும் சொன்னாங்க. நீ மட்டும்தான் இல்லேன்ன. நீ எதுக்குத்தான்க்கா சண்ட போடல, அதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "எங்கள நெனைக்காம குடிச்சிட்டுப் போயிட்டாரேன்னு திட்டிக்கிட்டே இருந்தேன்க்கா. ஒரு நாள்கூட அவருக்காக அழல. புள்ளையையும் அழ விடல."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுகிற வேகத்தில் என் வயிறும் சேர்ந்து குலுங்கியது. அண்ணன் கதவோரம் நின்று அவனும் அழுதான். அவனைப் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

அழுகை நின்றதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நேராக அண்ணனிடம் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மன்னிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். "வா" என்று வெளியே இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டு அம்மாள் கரண்டியோடு வந்து கதவைத் திறந்தாள். குடிகாரன் பொண்டாட்டி என்று முதலில் சொன்னது அந்த வாய்தான்.

"சொல்லு" என்றாள் தங்கை.

"எங்க மாப்பிள்ள குடிச்சிருக்கல. வண்டிய ஒட்டினது நான்."

"சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னான். அந்த அம்மாள் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். தங்கை நின்று கேட்கவில்லை, அடுத்த கதவுக்குப் போய்விட்டாள். எந்த வீட்டிலும் உள்ளே நுழையவில்லை, யார் தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. அவள் ஒரு படி முன்னால், அவன் ஒரு படி பின்னால், பிடித்த மணிக்கட்டை விடாமல் மாடி மாடியாக ஏறினார்கள். நான் பின்னால் போனேன். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. கடைசி மாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாரும் இல்லை என்று நான் சொன்னேன். "பரவால்ல" என்றாள் தங்கை. அந்தப் பூட்டின் முன்னாலும் அவனைச் சொல்ல வைத்தாள்.